எண்ணப்படாத பருவங்கள்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித் திருகோணமலையிலிருந்து எழுதுவானேன் என்று கேட்போருக்கு முதலில் ஒரு செய்தி. 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு வீசிய நம் சீனக்குடா விமானத் தளத்திலிருந்து, 1944 ஓகஸ்ட் 10இல் அமெரிக்க பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றை அனுப்பிய 20ஆவது குண்டுவீச்சுப் படைத் தலைமையின் கீழ், இந்தியாவிலும் சீனாவிலும் அதிகாரியாகப் பணியாற்றியவர் ஹாங்க் கிறீன்பேர்க். டெற்றோயிற் டைகர்ஸ் அணிக்காக இடப்புற வெளிக்களத்தில் நின்றவர். 1938இல் ஒரே பருவத்தில் 58 ஹோம் ரன் அடித்தவர்.

1941 மே மாதம் படைக்கு அழைக்கப்பட்டார். ஆண்டுக்கு ஏறக்குறைய 55,000 டொலர் பெற்றவருக்கு மாதம் 21 டொலர்! இருபத்தெட்டு வயதைக் கடந்தோர் விடுவிக்கப்பட்டபோது, டிசம்பர் 5இல் அவரும் வெளியேறினார். இரண்டு நாளில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அவர் தாமாகவே மீண்டும் சேர்ந்தார். அந்த யூத இளைஞரை நாம் இகழவில்லை. பாசிசத்தை எதிர்த்து நின்ற எவரையும் இகழ்வது நம் வேலையன்று.

நம் சினம் வேறிடத்தில். போரிற் போன நான்கரைப் பருவம் போகாதிருந்தால், 331இல் நின்ற அவரது ஹோம் ரன் கணக்கு எங்கே போயிருக்கும் என்று விளையாட்டு எழுத்தாளர் இன்றும் கூட்டிப் பார்க்கிறார்கள். 1945 ஜூலையில் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். செப்டம்பர் 30இல் ஓரடியில் நான்கு ஓட்டம், அணிக்கு லீக் பட்டம். போர் மனிதனைப் புடம் போடுகிறது என்போருக்கு இது தேனாக இனிக்கிறது. போரா புடம் போட்டது? திரும்பிவர ஓர் அணி இருந்தது, சம்பளம் இருந்தது, படையிலிருந்து மீள்வோருக்குப் பழைய வேலையை உறுதிசெய்யும் சட்டமும் இருந்தது. கதை இனிதே முடிந்தது அதனாலன்றோ?

சம்பூருக்கு வாருங்கள். 2006இல் யுத்தத்தால் ஊர் வெறிச்சோடியது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நிலம் கட்டங்கட்டமாக விடப்பட்டது 2015, 2016ஆம் ஆண்டுகளில். பதினான்கு வயதிற் பந்தை விட்டோடிய சிறுவன் திரும்பும்போது இருபத்துமூன்றைக் கடந்திருந்தான். ஒரு விளையாட்டாளனின் கால்கள் பழுக்கும் காலம் முழுவதும் தகரக் கொட்டகையிற் கழிந்தது. கிறீன்பேர்க் இழந்ததைப்போல் இருமடங்கு! அவனுக்குச் சேரவேண்டிய ஓட்டங்களை எந்தப் பேராசிரியர் கணக்கிட்டார்?

முகாமிலிருந்து நம் வகுப்புக்கு வந்த ஒருவன் உயரம் பாய்தலில் நம்மை வியக்க வைத்தான். மாகாணப் போட்டிக்கு முன்பே, தந்தையின் வள்ளத்தில் துணைக்கு ஆளில்லையென்று படிப்பை விட்டான். (அந்தத் தந்தை நம்மிடம் மன்னிப்புக் கேட்டார், நாமன்றோ கேட்டிருக்க வேண்டும்.)

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிப் பதிவேடுகளை எடுங்கள். 1983 முதல் 2009 வரை போட்டி நடவாத ஆண்டுகளைக் குறியுங்கள். அவ்வாண்டுகளில் பதினெட்டு வயதை எட்டியவர் எத்தனை பேர் என்று வரவுப் புத்தகத்திற் பாருங்கள். பார்த்து, இப்பத்திரிகைக்கு எழுதுங்கள்.