153 போட்டிகள், வேல்ஸுக்குப் பூஜ்யம்

ஓபன் கோல்ஃப் சாம்பியன்ஷிப் எந்த மைதானத்தில் நடக்க வேண்டும் என்பதை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பு முடிவு செய்கிறது. ஒலிம்பிக்கில் இருப்பது போன்ற வாக்கெடுப்பு இதற்குக் கிடையாது. மாறாத மரபு ஒன்றுதான்: போட்டி லிங்க்ஸ் மைதானத்தில் நடக்கும். லிங்க்ஸ் என்பது கடலோர மணல்மேட்டு நிலம். அங்கே மரங்கள் குறைவு, காற்று அதிகம். தண்ணீர் நிற்காத இறுகிய மண்ணில் பந்து பறப்பதைப் போலவே உருள்வதும் முக்கியம். அத்தகைய நிலங்களில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு நல்ல மைதானம், போதிய வசதி, வருமானம் என்று அமைப்பின் நிர்வாகிகள் பதில் சொல்வதுண்டு. எதற்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் சொல்வதில்லை. இன்றைய குழப்பம் அத்தனைக்கும் வேர் இந்த மௌனம்தான்.

2025 ஜூலையில் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் ஓபன் நடந்தபோது ஆர் அண்ட் ஏவின் தலைமை நிர்வாகி மார்க் டார்பன் சொன்னவை இந்த மௌனத்தை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தன. ஸ்காட்லாந்தின் டர்ன்பெரி மைதானத்துக்குச் சாலை, ரயில், தங்குமிடச் சிக்கல் இருக்கிறதாம். அதே நாட்டின் முயர்ஃபீல்டில் பயிற்சித் திடல் உள்ளிட்ட வசதிகள் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதாம். ஆனால் டப்ளினுக்கு வடக்கே அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் போர்ட்மார்னக்கில் நடத்த முடியுமா என்று ஆராயப்படுகிறது. அங்கே நடந்தால், ஐக்கிய ராஜ்யத்துக்கு வெளியே நடக்கும் முதல் ஓபன் அதுவாக இருக்கும்.

1860-ல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தொடங்கியதிலிருந்து 2025 வரை 153 போட்டிகள் நடந்துள்ளன. அவற்றை நடத்திய மைதானங்கள் 14 மட்டுமே. செயின்ட் ஆண்ட்ரூஸ் 30 முறை, பிரெஸ்ட்விக் 24 முறை, முயர்ஃபீல்ட் 16 முறை, இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரிலுள்ள ராயல் செயின்ட் ஜார்ஜஸ் 15 முறை நடத்தின. நாடுவாரியாகக் கூட்டினால் ஸ்காட்லாந்துக்கு 98, இங்கிலாந்துக்கு 52, வட அயர்லாந்துக்கு 3. வேல்ஸுக்குப் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைப் பற்றி வேல்ஸுக்கு வெளியே பேசுவோர் குறைவு. வேல்ஸில் லிங்க்ஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தென்கரையில் 1891-ல் தொடங்கிய ராயல் போர்த்கால் இருக்கிறது. எந்தக் குழியில் நின்றாலும் அங்கே கடல் தெரியும். காற்றை மறைக்கப் பெரிய மணல்மேடுகள் இல்லாததால் நான்கு புறமும் அது வீசும். அமெச்சூர் அணிகள் மோதும் வாக்கர் கோப்பையில், 1995-ல், டைகர் உட்ஸ் இடம்பெற்ற அமெரிக்க அணி இங்கேதான் தோற்றது. 2014, 2017, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூத்தோர் ஓபன் நடந்தது. 2025-ல் மகளிர் ஓபனும் நடந்து, ஜப்பானின் மியு யமாஷிதா வென்றார். மூத்தோருக்கும் மகளிருக்கும் பொருந்திய மண் ஆடவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? இடம் போதாது என்பதே வழக்கமான பதில். போதாதது ஆடுவதற்கான இடம் அல்ல, கூடாரம் போடுவதற்கான இடம்.

இடம், வசதி என்ற காரணம் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதற்கு ஓபனின் வரலாறே சாட்சி. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் 1975-க்குப் பிறகு 24 ஆண்டுகள் போட்டி இல்லை. தங்க இடமில்லை என்றார்கள். மைதானத்தை ஒட்டி ஹோட்டல் எழுந்தது. 1999-ல் போட்டி திரும்பியது. சாண்ட்விச்சில் ரயில் நிலையம் சிறிது என்றார்கள், நடைமேடை நீட்டப்பட்டது.

போர்ட்ரஷ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1951-ல் ஒருமுறை நடத்திவிட்டு 68 ஆண்டுகள் காத்திருந்த மைதானம் அது. 2019 போட்டிக்காக அதன் பழைய 17, 18-ஆம் குழிகள் ஆட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டன. அந்தத் தட்டையான நிலம் பார்வையாளர் கூடாரங்களுக்குப் போனது. ஈடாக, பக்கத்து 'வேலி' (Valley) மைதானத்தின் மணல்மேடுகளை எடுத்து 7, 8-ஆம் குழிகளைப் புதிதாக அமைத்தார்கள். அந்தக் குழிகள் நன்றாகவே அமைந்துவிட்டன என்பது வேறு விஷயம். கூடாரத்துக்காக மைதானத்தையே மாற்றி எழுதலாம் என்றால், போர்த்காலுக்கு முடியாது என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மனம் இருந்த இடங்களில் எல்லாம் வசதி பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

உண்மையில் தடையாக நிற்பது கூட்டத்தின் கணக்கு. டர்ன்பெரியில் 2009-ல் வந்தவர்கள் 1.23 லட்சம் பேர். முயர்ஃபீல்டில் 2013-ல் 1.42 லட்சம். செயின்ட் ஆண்ட்ரூஸில் 2022-ல் 2.9 லட்சம், போர்ட்ரஷில் 2025-ல் சுமார் 2.8 லட்சம். பதினைந்து ஆண்டுகளுக்குள் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பு சிறந்த மைதானத்துக்கு எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்று கேட்டார்கள். இப்போது மூன்று லட்சம் பேர் நிற்க எங்கே இடமுண்டு என்று தேடுகிறார்கள். வண்டி நிறுத்த இடம் பார்த்துக் கல்யாண மண்டபம் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட்டம் மைதானத்தை விழுங்கும் என்பதை ஓபன் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1925-ல் பிரெஸ்ட்விக்கில் கடைசிச் சுற்றுக்கு முன் ஐந்து ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த மக்டொனால்ட் ஸ்மித், கட்டுக்கடங்காத கூட்டத்துக்கு நடுவே 82 ஆடிப் பட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணம் வந்தது. பிரெஸ்ட்விக்குக்கு ஓபன் திரும்பவே இல்லை. கூட்டம் செய்த பிழைக்குத் தண்டனை மைதானத்துக்குக் கிடைத்தது.

வேறு வழி இல்லை என்பதும் பொய். அமெரிக்க ஓபனை நடத்தும் யுஎஸ்ஜிஏ, 2013-ல் மிகக் குறுகலான மெரியன் மைதானத்துக்குப் போனது. டிக்கெட்டுகளை நாளொன்றுக்குச் சுமார் 25,000 என்று குறைத்துக்கொண்டது. ஏழாயிரம் கெஜத்தைத் தொடாத அந்த மைதானத்தில் பாருக்கு (நிர்ணயித்த அடி எண்ணிக்கைக்கு) கீழே முடித்தவர் ஒருவரும் இல்லை. வென்ற ஜஸ்டின் ரோஸுக்கும் ஒன்று அதிகம்தான். 2030-ல் அமெரிக்க ஓபன் மீண்டும் அங்கே போகிறது. பணத்தை அறிந்த அமெரிக்கர்களுக்கு முடிந்தது, மரபைப் பேசும் ஆர் அண்ட் ஏவுக்கு முடியாதா? டிக்கெட் பணம்தான் உலகெங்கும் கோல்ஃபை வளர்க்கிறது என்போர் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமானம் குறைந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது மிரட்டலே தவிர வாதம் ஆகாது.

டர்ன்பெரி விவகாரத்தில் ஒளிவுமறைவு இன்னும் அப்பட்டம். 2014-ல் அதை டொனால்ட் டிரம்ப் வாங்கினார். 2021 ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட சில நாட்களில், அங்கே போட்டி நடத்தும் திட்டம் இல்லை என்று அன்றைய தலைமை நிர்வாகி மார்ட்டின் ஸ்லம்பர்ஸ் அறிவித்தார். கவனம் மைதானத்திலிருந்து விலகிவிடும் என்பது அன்றைய காரணம். இன்றைய காரணம் சாலை. 1977-ல் டாம் வாட்சனும் ஜாக் நிக்லாஸும் கடைசி இரண்டு நாள் மோதியபோதும், 2009-ல் 59 வயது வாட்சன் பிளேஆஃபில் தோற்றபோதும் ஊர் இதே ஊர்தான். உரிமையாளர்தான் தடை என்றால் அதைச் சொல்லிவிடலாம். பழியைச் சாலைமேல் போட வேண்டியதில்லை.

வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு முயர்ஃபீல்டே சான்று. 2016 மே மாதம் பெண்களை உறுப்பினராக்கும் தீர்மானத்துக்கு அங்கே 64 சதவீத ஆதரவுதான் கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. அத்தகைய கிளப்பில் ஓபன் நடக்காது என்று ஆர் அண்ட் ஏ அன்றைக்கே அறிவித்தது. 2017 மார்ச்சில் ஆதரவு 80 சதவீதமானது. நூற்றாண்டுகளாக அசையாத கிளப், நிபந்தனை தெளிவாக இருந்ததால் பத்தே மாதத்தில் அசைந்தது. அதன் பிறகு 2022-ல் மகளிர் ஓபன் அங்கே நடந்தது. ஆடவர் ஓபன் 2013-க்குப் பிறகு இன்னும் வரவில்லை.

ஆகவே ஆர் அண்ட் ஏ செய்ய வேண்டியவை மூன்று. தேர்வுக்கான அளவுகோல்களையும் அவற்றின் எடையையும் எழுதி வெளியிட வேண்டும். சிறிய மைதானங்களுக்கு ஒன்றரை லட்சம் பார்வையாளர் என்ற உச்சவரம்பு வேண்டும். அந்த வரம்புக்குள் முயர்ஃபீல்டுக்கும் போர்த்காலுக்கும் அடுத்த பத்தாண்டுக்குள் தேதி குறிக்க வேண்டும். போர்ட்மார்னக் அதற்குப் பிறகு வரட்டும். சாலையைப் போடலாம், ஹோட்டலைக் கட்டலாம், நடைமேடையை நீட்டலாம். கடல் ஒதுக்கிய மணல்மேட்டை எந்த அரசும் கட்டித்தர முடியாது. போர்த்காலில் அந்த நிலம் இருக்கிறது. இல்லாதது ஆர் அண்ட் ஏவின் மனம்தான்.