உழைப்பு பொது, முடிவு மட்டும் தனியுடைமையா?

புனே நகரின் மகர்பட்டாவில் ரெட் ஹேட் நிறுவனத்தின் பொறியாளர்கள் பணிபுரிகின்றனர். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான லோகித் எழுத்துருக்கள் அந்நகரில் வளர்ந்தவை. திறந்த மூல மென்பொருளை உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி உருவாக்குகின்றனர்; பிழைதிருத்தம் எவரிடமிருந்து வந்தாலும் வரவேற்கப்படுகிறது. ஆனால் முடிவெடுப்பவர் யார்?

2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை விலைக்கு வாங்கியது. 2029 வரை பராமரிக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியுடன் நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2023 ஜூனில் வணிகப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவெளியில் தருவதும் சுருக்கப்பட்டது. பயன்படுத்துவோரிடம் எந்த வாக்கெடுப்பும் நடத்தப்படவில்லை.

ஊதியம் தருவது நிறுவனம், ஆகவே முடிவும் அதனுடையதே என்று மூலதனத்தின் வழக்கறிஞர்கள் வாதிடுவர். அப்படியானால், ஊதியமின்றிப் பங்களித்தோரின் உழைப்பு எந்தக் கணக்கில் சேரும்?

மாற்று என்பது வெறும் கனவன்று. டெபியன் திட்டத்திற்கு 1998 முதல் எழுதப்பட்ட சாசனம் உண்டு. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவரின் முடிவையே பொதுத் தீர்மானத்தால் மாற்றும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தின் அடித்தளமும் டெபியனே.

டெபியனின் நிரலை எடுத்துக்கொண்ட அரசு, அதன் ஜனநாயகத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். மக்கள் பணத்தில் உருவாகும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் சாசனம் வேண்டும். திருத்தங்கள் ஏற்கப்படுவதற்கும் மறுக்கப்படுவதற்குமான காரணங்கள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். பங்களிப்போருக்கு வாக்குரிமை வேண்டும்.