எட்டாத இடத்திற்கு ஒரு கை



சென்ற ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் ஒரு சிறுவன் நம்மை அணுகி, "சாமி, விண்வெளியில் இருக்கிற இயந்திரக் கையை இங்கிருந்து எப்படி ஆட்டுகிறார்கள்? கயிறு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டான். அருகில் அவனுடைய பாட்டியும் நின்றிருந்தார்.

நமக்கு உடனே நினைவில் வந்தது பாதாளக் கரண்டி. செட்டிநாட்டுக் கிணறுகளில் வாளி விழுந்துவிட்டால், கொக்கிகள் நிறைந்த அந்த இரும்பைத் தெருவில் எவர் வீட்டிலிருந்தாவது இரவல் வாங்கி, கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவோம். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வாளி சிக்கியதைக் கயிற்றின் கனம் கைக்கு உணர்த்திவிடும். விண்வெளிக் கைக்குக் கயிற்றின் வேலையைச் செய்வது வானொலி அலை. கண்ணின் வேலையைச் செய்வது கையிலேயே பொருத்திய காமிரா. கனத்தை அறிவிப்பவை விசையளக்கும் உணர்கருவிகள்.

நம் நாட்டுக் கை ஒன்று 2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.–சி60 ராக்கெட்டில் சென்றது. திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோவின் நிலைமப் பொறியமைப்புகள் பிரிவு அதனை உருவாக்கியது. ஏவிய பின் வெறுங்கூடாகிவிடும் ராக்கெட்டின் நான்காம் அடுக்கையே ஆய்வுமேடையாக்கி, சுமார் 350 கி.மீ. உயரத்தில் சுற்றவிட்டார்கள். வீணாவதை வேலைக்காக்கும் இந்தச் சிக்கனம் நமக்கு மிகவும் பிடித்தது! அந்தக் கைக்கு ஏழு மூட்டுகள். நம் கண்மாய் அட்டை ஒரு முனையை ஊன்றி மறுமுனையை முன்னே வைத்து நகர்கிறதல்லவா? அவ்விதமே இடம்பெயர்ந்து செல்லுமாறு அதனை அமைத்திருந்தனர். விண்வெளிக் குப்பையைப் பிடிக்கப் பழகுவதற்கென மற்றொரு கையும் உடன் சென்றது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் முதற்கை இயங்கும் காட்சியை இஸ்ரோ வெளியிட்டது. ஏப்ரல் 4ஆம் நாள் அம்மேடை வளிமண்டலத்துள் நுழைந்து இந்துமாக்கடலில் முடிவுற்றது.

இக்கலையில் முன்னோடி கனடா நாடு. 1981 நவம்பரில் அமெரிக்க விண்ணோடத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட அவர்களுடைய கை சுமார் 15 மீட்டர் நீளம். தரையில் தன் எடையையே தூக்க இயலாத அது, எடையற்ற வெளியில் பல டன் பொருளை நகர்த்தியது. ஆனால் அதை இயக்கியவர் விண்ணோடத்தின் உள்ளேயே அமர்ந்திருந்தார். தரையிலிருந்து இயக்குவது வேறு. 1993இல் ஜெர்மானியர் கொலம்பியா விண்ணோடத்தில் ஒரு கையை அவ்வாறு இயக்கியபோது, கட்டளை சென்று விளைவு திரும்பித் தெரிய ஐந்து முதல் ஏழு விநாடிகள் ஆயின. மிதக்கும் பொருள் அதற்குள் எங்கோ போயிருக்கும்! எனவே, அது அடுத்து எங்கிருக்கும் என்பதைக் கணிப்பொறியைக் கொண்டு முன்கூட்டியே கணித்து, அந்த இடத்திற்குக் கையை அனுப்பிப் பிடித்தனர். தாழ்ந்த சுற்றுப்பாதையில் விரைவது ஒரு தரைநிலையத்தின் பார்வையில் சில நிமிடங்களே இருக்கும். ஆகையால் கை தானாகவே சிலவற்றை முடிவுசெய்யவும் பழகவேண்டும்.

விண்வெளிக்குள் மனிதன் உடலோடு இறங்கி வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது. அதற்காகவே இத்தனை முயற்சியும் என்று நாம் சொல்லி முடித்தோம். அதுவரை பேசாதிருந்த பாட்டி கேட்டார்: "அவ்வளவு தூரத்துக்குக் கை நீட்டத் தெரிந்தவர்கள், சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குகிறார்களே சாமி, அது ஏன்?"

நம்மிடம் உடனடி விடை இல்லை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதும், பாதுகாப்பின்றிக் கழிவுக்குழியில் இறக்குவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நச்சுவாயு தாக்கி ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் மடிகிறார். அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விண்வெளிக் கை பிறந்த அதே திருவனந்தபுரத்தில், 2018இலேயே இளம் பொறியாளர் சிலர் 'பாண்டிகூட்' என்னும் இயந்திரத்தைப் பணிக்குக் கொண்டுவந்தனர். அது குழிக்குள் இறங்கி அள்ளும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார். முன்பு குழியில் இறங்கியவர்களே அதை இயக்கப் பயிற்சி பெற்றனர். ஆகவே அறிவு நம்மிடம் இல்லாமலில்லை.

நம் பங்கு இல்லத்தின் கழிவுத்தொட்டியை அடுத்த மாதம் திறக்கவேண்டியுள்ளது. உறிஞ்சும் லாரிக்குச் சொல்லியிருக்கிறோம். அடியில் வண்டல் எஞ்சினாலும் எவரும் உள்ளே இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.