எண் போடுவது ஏஜெண்ட், கட்டுவது நீங்கள்

என் மாணவர்களுக்கும் உறவுப் பிள்ளைகளுக்கும்,

உங்களில் சிலர் சீனாவிலிருந்து ஸ்மார்ட்வாட்ச், இயர்போன் இறக்குமதி செய்கிறீர்கள். சுங்க எண் என்னவென்று கேட்டால், "அதெல்லாம் ஏஜெண்ட் பார்த்துக்குவார் சார்" என்கிறீர்கள். இந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன்.

2011 முதல் நம் நாட்டில் சுயமதிப்பீடு. பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள எண்ணுக்கு இறக்குமதியாளரே பொறுப்பு. வேண்டுமென்றே தவறாகக் காட்டியதாக முடிவானால், ஐந்து ஆண்டு பின்னோக்கி வரி கேட்பார்கள். வட்டியும் அபராதமும் தனி. அன்றைக்கு ஏஜெண்டா கட்டுவார்?

விற்றவர் இன்வாய்ஸில் போட்ட எண்ணைக் காப்பியடிப்பதும் ஆகாது. முதல் ஆறு இலக்கம்தான் உலகப் பொது. நம் எட்டு இலக்கத்தில் கடைசி இரண்டும் நம் நாடு போட்டவை.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். கைக்கடிகாரம் 91ஆம் அத்தியாயம். ஸ்மார்ட்வாட்சோ போனுடன் தகவல் பரிமாறும் கருவி. உலகச் சுங்க அமைப்பு அதை 8517.62இல் வைத்திருக்கிறது. பொருளின் முக்கிய வேலை என்ன என்பதே கேள்வி. எந்த எண்ணுக்கு வரி குறைவு என்பதல்ல.

பிரிவுக் குறிப்பையும் அத்தியாயக் குறிப்பையும் நீங்களே படியுங்கள். சந்தேகம் தீரவில்லையா? சரக்கு வருமுன்பே அட்வான்ஸ் ரூலிங் ஆணையத்திடம் கேளுங்கள்.

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் மார்க்தான் போகும். இதில் கடையே போய்விடும்.