பழங்கப்பலில் ஆற்றுச் செலவு

'செலவு' என்னும் சொல் நம் தமிழில் இரு பொருள் தருவது. ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்லுதலை முன்னோர் செலவு என்றனர். கைப்பொருள் கரைதலை இந்நாளில் நாம் செலவு என்கின்றோம். சிறுபொருளுடையார் ஒருவர் உலகங்காண விரும்பிப் புறப்படுங்கால் இவ்விரு பொருளும் தம்முள் முரணி நிற்கின்றன. முதற் செலவு நீள வேண்டும். இரண்டாஞ் செலவு குறுக வேண்டும். இம்முரணைத் தீர்த்தற்கு மேனாட்டார் கண்ட வழிகளுள் ஒன்று, பழைய கப்பலிற் குறைந்த கட்டணங் கொடுத்து ஆற்றுவழியே விடுமுறை கழித்தலாம். அது தக்கதோ தகாததோ என்பதுபற்றி எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

ஐரோப்பாவில் ரைன், டான்யூபு முதலிய பேராறுகளில் ஓடும் பயணக் கப்பலை மிதக்கும் விடுதி என்னலாம். பயணி தன் மூட்டையை ஓர் அறையில் ஒருமுறை அவிழ்த்து வைத்தாற் போதும். இரவெல்லாங் கப்பல் ஓடும். விடிந்தெழுந்து நோக்கின் புதியதோர் ஊர் கரையில் நிற்கும். இக்கப்பல்களுள் அண்மையிற் கட்டப்பெற்றவை மாடமும் முற்றமும் பெருங் கண்ணாடிக் கதவுகளும் உடையனவாய், அரண்மனை போலப் பொலிவன. முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் கட்டப்பெற்றவையோ பெரும்பாலும் எளியன. அறைகள் சிறியன; பகலில் இருக்கையாவதே பலவற்றில் இரவிற் படுக்கையாகும்; அடித்தளத்து அறைகளின் பலகணிகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே திறவாதபடி அமைந்திருக்கும். ஆதலின் இவற்றிற் கட்டணமுங் குறைவு. இளவேனில் தொடங்குமுன்னும், கூதிர் முதிர்ந்த பின்னும் கூட்டங் குறையும் நாட்களில் அது மேலுங் குறையும்.

இத்தகைய கப்பலிற் செல்வாரை இரங்கத்தக்கவராகச் சிலர் கருதுகின்றனர். 'செல்லின் சிறப்புடன் செல்க; இன்றேல் வீட்டிலிரு' என்பது அவர் கொள்கை. இதனை யாம் ஒருசிறிதும் ஒப்புக்கொள்ளோம். என்னை? பயணி காணச் செல்வது ஆற்றையோ, அறையையோ? பிங்கன் என்னும் ஊருக்கும் கோப்லென்சு நகரத்திற்கும் இடையே ரைன் ஆறு மலைகளை ஊடறுத்துச் செல்லும் 65 கிலோமீட்டர் பகுதியை 2002-ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். இருமருங்கும் கோட்டைகளும் கொடிமுந்திரித் தோட்டங்களும் நிறைந்த அப்பகுதியில், 132 மீட்டர் உயர்ந்து நிற்கும் லோரலைப் பாறை தன்னைக் கடந்து செல்வாரிடம் எவ்வளவு கட்டணங் கொடுத்தீர் என்று கேட்பதில்லை.

ஆறு தன்மேற் செல்லுங் கப்பல்களை ஒருவகையிற் சமமாக்கியும் வைத்திருக்கின்றது. மயின் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர்க் கால்வாய் 1992-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. மேட்டிலும் பள்ளத்திலுமாகக் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டுமதகுகள் அதில் 16 உள. அவற்றின் அகலம் 12 மீட்டரே. எத்துணைப் பெருஞ்செல்வர் கட்டிய கப்பலாயினும் 11.4 மீட்டர் அளவிற்றாய் ஒடுங்கி, மதகு திறக்குங்காறும் தன் முறைக்குக் காத்து நிற்றல் வேண்டும். துறையில் இடம் போதாதவிடத்துக் கப்பல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பிணித்து நிறுத்துவர். அப்பொழுது ஒரு கப்பலின் பயணிகள் மற்றொன்றின் ஊடே நடந்துதான் கரையேறுவர். சிறிய அறையை உடையார் பகலெல்லாம் மேற்றளத்திலேயே இருப்பர். அங்ஙனமிருத்தலின் அயலாரோடு உரையாடுவர். ஆற்றையும் நன்கு காண்பர். இவற்றையெல்லாம் எண்ணின், எளிய கப்பற் பயணம் இழிவுடையதன்று என்பது தெளிவு.

இனி, பழமை ஒன்றே குற்றமாகுமோ எனின், ஆகாது என்போம். சுவீடன் நாட்டில் 190 கிலோமீட்டர் நீளமுள்ள யோத்தா கால்வாய் 1832-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதில் பயணிகளை ஏற்றிச் செல்லும் 'யூனோ' என்னுங் கப்பல் 1874-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது; 2024-ஆம் ஆண்டில் அதற்கு அகவை 150 நிரம்பியது. அதன் அறைகளில் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த சிறு கட்டில்களே உள. குளியலறை முதலியன பொதுவாக உள. இவ்வளவு குறைந்த வசதியுடைய அப்பழங்கப்பலின் கட்டணமோ சிறிதன்று! பழம்பொருளைப் பழுதின்றிப் பேணுதல் பெரும்பொருள் விழுங்குவது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நம் கருத்துக்கு இது மிக இன்றியமையாதது. பழைய கப்பல் ஒன்றில் ஒருவர் மிகக் குறைந்த விலைக்கு இடந்தருவாராயின், பேணுதற்குரிய பொருளை அவர் எங்கிருந்து பெறுகின்றார் என்னும் ஐயம் நமக்கு எழுதல் வேண்டும்.

அவ்வையம் வீணன்று என்பதை உருசிய நாட்டு வால்கா ஆறு உலகறியக் காட்டிற்று. 1955-ஆம் ஆண்டு செக்கோசுலோவேகியாவிற் கட்டப்பெற்ற 'பல்கேரியா' என்னும் இருதளக் கப்பல், 2011-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், விடுமுறைக்கு வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பொல்கார் என்னும் ஊரினின்றும் கசான் நகரம் நோக்கிச் சென்றது. அதிலிருந்தார் 201 பேர். இஃது அதற்கு அளந்து வைத்த எண்ணினும் மிகுதி. இரண்டு பெரிய எந்திரங்களுள் ஒன்று ஓடவில்லை. கப்பல் முன்னமே வலப்புறஞ் சாய்ந்திருந்தது. பலகணிகள் திறந்து கிடந்தன. பயணிகளை ஏற்றுதற்குரிய உரிமச் சீட்டும் அதற்கில்லை. காற்றும் மழையும் எழக் கப்பல் மேலுஞ் சாய்ந்தது; திறந்த பலகணிகள் வழியே ஆறு உள்ளே புகுந்தது; சில நிமிடங்களுள் கப்பல் மறைந்தது. மாண்டவர் 122 பேர். அவருட் குழந்தைகள் பலர். நீரில் தத்தளித்தவரைக் கண்டும் இரு சரக்குக் கப்பல்கள் நில்லாது சென்றன. பின்னர் வந்த 'அரபெல்லா' என்னும் பயணக் கப்பலே 70-க்கும் மேற்பட்டாரை ஏற்றிக் காத்தது.

இச்செய்தி கேட்டார் பலரும் 'பழங்கப்பல் அன்றோ, மூழ்காதென்ன செய்யும்!' என்றனர். மேலே கூறியவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. ஓடாத எந்திரத்தைச் செப்பனிடாமல் கப்பலை விட்டது யார்? சாய்ந்த கப்பலிற் பலகணிகளை அடையாது விட்டது யார்? அளவினும் மிகுதியாக ஆட்களை ஏற்றியது யார்? இவற்றுள் ஒன்றையேனும் கப்பலின் அகவை செய்யவில்லை. பொருளாசை கொண்ட மாந்தரே செய்தனர். 2014-ஆம் ஆண்டு நீதிமன்றந் தண்டித்ததும் கப்பலை அன்று, மாந்தரையே.

புதுமை நம்மைக் காக்கும் என்று நம்புவார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம். நம் நாட்டில், தேக்கடியிற் பெரியாற்று நீர்த்தேக்கத்தில், 2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழ்நாட்டினரும் அவருள் இருந்தனர். அப்படகு ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன! 2019-ஆம் ஆண்டு மே திங்கள் 29-ஆம் நாள் இரவில், புதாபெசுத்து நகரில் டான்யூபு ஆற்றிலே, 1949-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற 'ஹாப்லியான்' என்னுஞ் சிறுகப்பல் மூழ்கி, அதிலிருந்த 35 பேருள் 28 பேர் மாண்டனர். அதனை மூழ்குவித்தது அதன் முதுமையன்று. அவ்வாண்டிலேயே புதிதாக ஆற்றில் இறங்கிய 135 மீட்டர் நீளமுள்ள பெருங்கப்பல் ஒன்று பின்னிருந்து மோதியதேயாம். இவ்விரு கலங்களின் பெயரும் நீர்மகள் என்றே பொருள்படுவன. ஒருத்தி மிக இளையள், மற்றையாள் மூத்தவள். நீர் இருவரையும் வேறுபாடின்றி ஏற்றுக்கொண்டது.

ஆகவே, 'இக்கப்பல் எவ்வளவு பழையது?' என்பதைக் காட்டிலும், 'இக்கப்பலிற் கட்டணங் குறைந்தது எதனைக் குறைத்தமையால்?' என்பதே பயணி முதற்கண் கேட்கவேண்டிய வினா என்பது எம் துணிபு. அறையின் அகலங் குறைந்தமையாற் குறைந்ததோ? நன்று. உண்டியில் ஐந்து கறி மூன்றானமையாலோ? அதுவும் நன்று. காவலுங் கண்காணிப்புங் குறைந்தமையாலெனின், அதனை இனாமாகத் தரினும் ஏறற்க.

இதனை அறியப் பெரும்படிப்பு வேண்டா. கப்பலில் ஏறியவுடனே ஆபத்துக் காலத்திற் செய்யத்தக்கவற்றைப் பணியாளர் சொல்லிக் காட்டுகின்றனரா? உயிர்காப்புச் சட்டைகள் ஆளுக்கு ஒன்றாக, எட்டும் இடத்தில் உளவா, பூட்டிய பெட்டிக்குள் உளவா? உரிமச் சீட்டும், ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையும் யாவருங் காணுமாறு தொங்குகின்றனவா? நம் அறையினின்றும் மேற்றளத்திற்குச் செல்லும் வழி இருளிலும் புலப்படுமா? துறையில் நிற்கும்போதே கப்பல் ஒருபுறஞ் சாய்ந்து நிற்கின்றதா? இவ்வைந்தனையும் கால் நாழிகையில் ஒருவர் அறிந்துகொள்ளலாம். விடை மனநிறைவு தாராதாயின், கொடுத்த பணம் போயிற்றென்று கரையேறுதலே அறிவுடைமை. பணத்தைப் பின்னும் ஈட்டலாம்.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் பயணிகள் தலையில் ஏற்றுதல் முறையாகாது. எளியவர் கேட்டறியும் நிலையில் எப்பொழுதும் இரார். ஆதலின் அரசே அவர்க்காகக் கேட்டல் வேண்டும். அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு 'யார்மவுத் காசில்' என்னுங் கடற்கப்பல் எரிந்து 90 பேர் மாண்டபின், இராத்தங்கும் பயணிகள் 50 பேரையும் அதற்கு மேற்பட்டாரையும் மரத்தாலாய கப்பலில் ஏற்றலாகாதென 1966-இல் ஒரு சட்டஞ் செய்தனர். அச்சட்டம் கப்பலின் அகவையை நோக்கவில்லை. எளிதில் எரியும் மரத்தையே நோக்கியது. 1927-ஆம் ஆண்டு முதல் ஓடிய 'டெல்ட்டா குவீன்' என்னும் ஆற்று நீராவிக் கப்பலின் மேற்கட்டு மரத்தாலாயது. கரை அணித்தாயிருப்பதைக் காட்டி அன்பர் பலர் அதற்காக மன்றாட, விலக்கு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பெற்று 2008-ஆம் ஆண்டில் முடிவுற்றது. 2018-இல் மறுபடியும் அளிக்கப்பெற்றது. பழங்கப்பலின்பால் மக்கள் வைத்த அன்பை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அன்பு தீயை அணைக்காது. ஆண்டுதோறும் தேர்ந்த கண்கள் அதனை ஆராய்ந்து பார்த்தலும், பார்த்ததை மறையாது எழுதுதலுமே அக்கப்பலுக்குச் செய்யும் மெய்யன்பாகும்.

'இவ்வளவு காவலும் வேண்டின் கட்டணம் உயருமே; ஏழைகள் எங்ஙனஞ் செல்வர்?' என்று ஒரு சாரார் வினவுவர். சிறிது உயரும் என்பது மெய்யே. அதன்பொருட்டு மாடத்தைக் குறைக்க, விரிப்பைக் குறைக்க, இசைக் கூட்டத்தைக் குறைக்க. இருபது பேருக்கு உரிய இடத்தில் முப்பதின்மரை அடைப்பதும், பழுதுற்ற எந்திரத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்பதும் ஏழைக்கு இரங்குதல் ஆகா. செல்வன் உயிருக்கு ஒரு விலையும் ஏழை உயிருக்கு மற்றொரு விலையும் இட்டதாகவே அது முடியும்.

எம்மைப் போலும் மாணாக்கர் கையிற் பொருள் சிறிது. காணவேண்டிய உலகமோ பெரிது. எனவே எளிய கப்பல்கள் பல ஓடவேண்டும் என்பதே எம் வேட்கை. அவை பழையனவாயிருத்தல் பற்றி நமக்கு நாணமில்லை; அறை சிறிதாயிருத்தல் பற்றிக் குறையுமில்லை. சிறிய பலகணி வழியாகவும் பேராறு முழுவதும் தோன்றும். ஆனால் அப்பலகணி அடைக்க வேண்டிய நேரத்தில் அடைபடுதல் வேண்டும். அதனை அடைக்க அங்கே ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். இவ்வளவும் உளதாயின், அன்பர்காள், குறைந்த கட்டணத்தைக் கொடுத்து மனமகிழ்ச்சியுடன் ஏறுமின்!