எல்லா மதமும் ஒன்றையா சொல்கிறது?

மதநல்லிணக்க விழா என்றால் மேடையில் மூன்று பேர்: காவி ஒருவர், தொப்பி ஒருவர், வெள்ளை அங்கி ஒருவர். கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு யாராவது மைக்கைப் பிடித்து, "நதிகள் பல, கடல் ஒன்று. எல்லா மதமும் ஒரே நல்லதைத்தான் சொல்கின்றன" என்பார். கைதட்டல், சால்வை, சாப்பாடு. பல வருஷமாகக் கேட்டதில் எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பொய், களவு, கொலை கூடாதென்று எல்லா மதமும் சொல்கிறதே என்பார்கள். அதைச் சொல்ல வேதம் எதற்கு? ஊர்ப் பஞ்சாயத்தே போதும்.

வேற்றுமையைப் பேசினால் கலவரம் வருமாம். கலவரம் மூட்டுகிறவன் எந்த வேதத்தைப் படித்துவிட்டு வந்தான்?

தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பது எல்லோருக்கும் பொது என்கிறார்கள். சரி, பிறர் யார்? சமணருக்கு ஆடும் பிறர், எறும்பும் பிறர், தண்ணீரில் வாழும் நுண்ணுயிரும் பிறர். பக்ரீத்துக்கு ஆடு அறுத்து உறவுக்கும் ஏழைக்கும் பங்கு வைப்பவருக்கோ அது இறைவனுக்குச் செய்யும் கடமை. இருவரும் சொல்வது ஒன்றுதான் என்பவர் இருவர் பேச்சையும் காதில் வாங்காதவர்.

சாவு விஷயத்துக்கு வாருங்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. சமணர் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை அங்கே இருக்கிறது. அந்தக் குன்றின் பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. ஒரு ஆளை வணங்கி, அவர் பட்டினி கிடந்த நாட்களை எண்ணி, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சமணருக்கு அது சல்லேகனை, நோன்புகளில் மேலான நோன்பு. அதே சாவை ஒரு ஆலிமிடமோ கத்தோலிக்கப் பாதிரியாரிடமோ சொல்லிப் பாருங்கள். உயிர் இறைவன் தந்தது, அதை முடிக்க நீ யார் என்பார். 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை என்றது. சமணர்கள் வாய்திறவாமல் ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நீதிமன்றங்களே தடுமாறிய இடத்தில் நம் மேடைப் பேச்சாளருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. அவர்தான் கடலைக் கண்டுவிட்டாரே!

1993இல் சிகாகோவில் உலகச் சமயப் பேரவை கூடியபோது, பொது அறத்துக்கான அறிக்கையை எழுதியவர் ஹான்ஸ் கூங். அவரே கத்தோலிக்க இறையியலாளர். பௌத்தர்களும் கையெழுத்துப் போட வேண்டுமென்று கடவுளையே அறிக்கைக்கு வெளியே நிறுத்தினார். வேற்றுமை எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர் செய்யும் வேலை அது.

அடுத்த விழாவுக்கு ஒரு சமணரையும் அழையுங்கள். மூப்பும் நோயும் முற்றிய பெரியவர் ஒருவர் இனிச் சோறும் தண்ணீரும் வேண்டாம் என்கிறார்; வீட்டார் என்ன செய்வது என்று நால்வரிடமும் கேளுங்கள். குழாய் போட்டு ஊட்டலாமா? வலிக்கு மட்டும் மருந்து தரலாமா? இரவில் பக்கத்தில் யார் உட்காருவது? சிலவற்றில் முட்டிக்கொள்வார்கள், சிலவற்றில் ஒத்துப்போகலாம். எதில் என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். அதுவரை அந்தச் சால்வைகள் கடையிலேயே இருக்கட்டும்.