பாத்துக்கறவங்களுக்கு லீவு உண்டா?

பொட்டி தட்டற மக்களுக்கு ஆன்-கால் ட்யூட்டி பத்தி சொல்லவே வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன் வந்தாலே ஊரைக் கூட்டிருவோம். ஆனா அடுத்த வாரம் அது வேற ஒருத்தர் தலையில விழுந்துரும், நாம நிம்மதியாத் தூங்கலாம். ஆள் மாத்தாம நாலு வருஷம் ஒருத்தரே அதைப் பாத்தா எப்படி இருக்கும்?

வருசநாட்டுல என் மதினி அப்படித்தான் இருக்காங்க. பக்கவாதத்துல விழுந்த மாமியாரை (எனக்குப் பெரியம்மா) ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கணும். இல்லாட்டி முதுகுல புண்ணு வந்துரும். முன்னாடி முந்திரி, இலவம்காய் சீசன்ல கூலிக்குப் போவாங்க, அதுவும் நின்னு போச்சு. தன்னோட இடுப்பு வலியைக் காட்ட க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போய்ட்டு வர ஒரு நாள் முழுசா வேணும். அந்த ஒரு நாள்தான் கெடைக்க மாட்டேங்குது.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, இயன்முறை சிகிச்சையும் உண்டு. கடுமையா பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புத் தொகை 1500ல இருந்து 2000 ரூபாய் ஆச்சு. நல்ல விஷயம்தான். ஆனா இந்த ரெண்டுலயும் கட்டில்ல படுத்திருக்கறவங்க மட்டும்தான் கணக்குல வர்றாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கறவங்க வரல.

1999 சட்டப்படி வந்த தேசிய அறக்கட்டளை, 'சமர்த்'னு ஒரு திட்டத்துல தற்காலிகமா தங்க வச்சுப் பாத்துக்கற இல்லங்களுக்கு உதவுது. ஆனா ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும். பக்கவாதமோ மறதி நோயோ வந்த பெருசுங்களுக்கு அங்க இடமில்ல.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 2010லயே 'ஆஸ்வாசகிரணம்'னு ஒரு திட்டம் வந்துச்சு. மாசம் 600 ரூபாய், அதுவும் பாத்துக்கறவங்களுக்கு. சின்னத் தொகைதான். ஆனா அது ஒரு வேலைன்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க.

பணத்தை விட மாத்து ஆள்தான் முக்கியம்ங்கறது என் கருத்து. சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்குப் பயிற்சி குடுத்து, நாள் கூலியும் குடுத்து, வீட்டுக்கு மாசம் ரெண்டு நாள் அனுப்பலாம். ரெண்டே நாள்!

"மாமியாரைப் பாக்கறதுக்கு லீவா? காலம் கெட்டுப் போச்சு"ம்பாங்க. அப்படிச் சொல்றவங்க பெரும்பாலும் ஒரு ராத்திரி கூட பெட்பேன் எடுக்காத ஆம்பளைங்க. பாசம் இருக்கப் போய்த்தான் நாலு வருஷம் ஓடியிருக்கு. ஆனா பாசத்தால இடுப்பு வலி போகாது. மதினியும் படுத்துட்டா அப்புறம் பெரியம்மாவுக்கு யாரு?

திட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும், லீவுக்கு ஊருக்குப் போனா ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குடுத்துட்டு அரை மணி நேரத்துல கெளம்ப வேணாம். எப்படிப் பொரட்டணும், எந்த மாத்திரை எப்பன்னு முந்தின நாளே கேட்டுக் கத்துக்கிட்டு, "நாளைக்கு நான் பாத்துக்கறேன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க"ன்னு சொல்லுவோம். உங்க பக்கம் இதுக்கு என்ன வழி வச்சிருக்காங்க? சொல்லுங்க மக்கா.